வளரும் நாடுகள் கைகோத்தால் வர்த்தகம் மாறுமா? எல்லைச் சாவடியிலிருந்து ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகள்), பிரிக்ஸ் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகள்), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகள்), ஆப்பிரிக்கக் கண்ட சுதந்திர வர்த்தகப் பகுதி என்று வளரும் நாடுகள் வரிசையாகக் கூட்டமைப்புகள் அமைக்கின்றன. தலைவர்கள் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதனால் வியாபாரமும் சரக்குப் போக்குவரத்தும் நிஜமாகவே மாறுகிறதா, இல்லை எல்லாம் கூட்டறிக்கையோடு சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். ரயில், சாலை, பாலம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், டாலர் இல்லாமல் வியாபாரம் நடக்குமா, சின்ன வியாபாரிக்கு இதில் ஏதாவது உண்டா என்றும் சேர்த்திருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டபடி, இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: மாநாட்டில் போட்ட கையெழுத்து எந்த இடத்தில் லாரியை நகர்த்துகிறது, எந்த இடத்தில் நகர்த்தாமல் விட்டுவிடுகிறது?

நான் பொருளாதாரப் பேராசிரியர் இல்லை. நாடு விட்டு நாடு போகும் சரக்குக்கு ஆவணம் தயாரித்து, சுங்கத்தில் கிளியரன்ஸ் வாங்கிக் கொடுக்கும் தொழிலில் பல வருடம் இருந்தவன். அதனால் என் பார்வை எல்லைச் சாவடியிலிருந்துதான் தொடங்கும். இந்த ஒப்பந்தத்தால் தேசிய வருமானம் இத்தனை சதவீதம் கூடும் என்கிற கணக்குகளைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். நீங்கள் ஒரே மூச்சில் சொன்ன பெயர்கள் ஒரே ஜாதி இல்லை. பிரிக்ஸ் ஒரு வர்த்தக ஒப்பந்தமே கிடையாது. 2009-இல் ரஷ்யாவின் யெகாடெரின்பர்க் நகரில் முதல் உச்சி மாநாடு நடந்ததிலிருந்து இன்றுவரை, உறுப்பு நாடுகள் தங்களுக்குள் சுங்க வரியைக் குறைத்தாக வேண்டும் என்ற சட்டக் கடமை எதுவும் அதில் இல்லை. அதிலிருந்து உருப்படியாக வந்தது என்றால் 2015-இல் ஷாங்காயில் தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கி. அதை நிறுவிய ஐந்து நாடுகளும் சமபங்கு போட்டு ஆரம்பித்த வங்கி அது. சாலை, மின்சாரம், குடிநீர்த் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கிறது. ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பும் அடிப்படையில் பாதுகாப்பு, அரசியல் பேசும் மேடைதான். ஆசியான், மெர்கோசூர் (தென் அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பு), கிழக்கு ஆப்பிரிக்க சமூகம், ஆப்பிரிக்கக் கண்ட ஒப்பந்தம் இவை வேறு ரகம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி, எந்த வண்டி எதுவரை போகலாம், எந்தச் சான்றிதழ் செல்லும் என்று எழுதி வைத்துக்கொண்டவை. பிரிக்ஸ் என்ன சாதித்தது என்று வர்த்தகப் புள்ளிவிவரத்தில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்த வேலைக்காக அது அமைக்கப்படவே இல்லை.

சரி, வரியைக் குறைத்தால் வர்த்தகம் கூடுமா? கூடும், ஆனால் நினைக்கிற அளவுக்கு அது மட்டும் போதாது. ஆசியான் சுதந்திர வர்த்தகப் பகுதிக்கு 1992-இல் கையெழுத்தானது. பழைய ஆறு உறுப்பினர்களும் 2010-க்குள் ஏறக்குறைய எல்லாப் பொருள்களுக்கும் தங்களுக்குள் இருந்த சுங்க வரியை நீக்கிவிட்டார்கள். வியட்நாம், லாவோஸ், கம்போடியா, மியான்மர் 2018-க்குள் அதே நிலைக்கு வந்தன. இருந்தும் ஆசியான் நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வர்த்தகம் அவற்றின் மொத்த வர்த்தகத்தில் கால் பங்கைத் தாண்டவில்லை. பல ஆண்டுகளாக அந்த அளவைச் சுற்றியே நிற்கிறது. இதைப் பார்த்து ஒப்பந்தம் தோற்றுவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியான வாசிப்பு இல்லை என்பது என் எண்ணம். உள்வர்த்தகமும் வளர்ந்தது, வெளிவர்த்தகமும் அதே வேகத்தில் வளர்ந்தது, பங்கு மட்டும் அசையவில்லை. ஒரு நாட்டில் செய்த உதிரிபாகம் இன்னொரு நாட்டில் பொருத்தப்பட்டு மூன்றாவதாக ஒரு பெரிய சந்தைக்குப் போகும் இடத்தில், உள்வர்த்தகத்தின் பங்கு என்ற ஒற்றை எண் பாதிக் கதையைத்தான் சொல்லும்.

இன்னொரு விஷயமும் உண்டு. தென்கிழக்கு ஆசியாவின் மின்னணு ஏற்றுமதியைப் பார்த்து ஆசியான் ஒப்பந்தத்தின் வெற்றி என்பார்கள். அந்தப் பொருள்களில் பெரும்பகுதிக்கு உலக வர்த்தக அமைப்பின் 1996 தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையின் கீழ் ஏற்கெனவே வரி இல்லை. வரியே இல்லாத பொருளுக்கு வரிச்சலுகை கேட்டு யார் சான்றிதழ் வாங்கப் போகிறார்கள்? வாகன உதிரிபாகங்களில் நிலைமை வேறு. அங்கே வெளிநாட்டுப் பொருளுக்கு வரி அதிகம் இருந்ததால் பிராந்தியச் சலுகை உண்மையிலேயே முதலீட்டை இழுத்தது.

அந்தச் சான்றிதழைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் ஒப்பந்தம் நிஜமாகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த ஒரு தாளில்தான் முடிவாகிறது. பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் ஆரிஜின் சர்டிபிகேட் அது. ஆசியானுக்குள் அதற்கு 'ஃபார்ம் டி' என்று பெயர். அனுப்புபவர், பெறுபவர், இன்வாய்ஸ் எண், எடை, எச்.எஸ். கோடு (சுங்கத்தில் பொருள்களை அத்தியாயம் அத்தியாயமாக வகைப்படுத்தும் எண்), அப்புறம் எந்த விதிப்படி இந்தப் பொருள் 'நம் பிராந்தியப் பொருள்' ஆகிறது என்று எழுத ஒரு கட்டம். பொதுவான விதி, பொருளின் மதிப்பில் குறைந்தது 40 சதவீதம் பிராந்தியத்துக்குள் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது மூலப்பொருளின் கோடும் முடிந்த பொருளின் கோடும் வேறாகும் அளவுக்கு வேலை நடந்திருக்க வேண்டும். எழுதும்போது எளிது. பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த துணி ஒன்று வருகிறது என்று வையுங்கள். அது துணியா, பிளாஸ்டிக்கா? ஏற்றுமதி செய்யும் நாட்டு அதிகாரி 59-ஆம் அத்தியாயத்தில் துணி என்று போடுவார். இறக்குமதி செய்யும் நாட்டு அதிகாரி 39-ஆம் அத்தியாயத்தில் பிளாஸ்டிக் என்பார். கோடின் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான், ஆனால் எந்தப் பொருள் எந்தக் கோடில் விழும் என்பதில் ஆளுக்கொரு கருத்து. சான்றிதழில் உள்ள கோடும் பில்லில் உள்ள கோடும் ஒத்துப்போகவில்லை என்றால் சலுகை போச்சு, முழு வரி கட்டு என்பார்கள். கன்டெய்னர் யார்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும்.

இதை நாலு முறை அனுபவித்த ஏற்றுமதியாளர் என்ன செய்வார்? வித்தியாசம் மூன்று சதவீதமோ நான்கு சதவீதமோதான் என்றால், சான்றிதழே வேண்டாம், முழு வரியைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று போய்விடுவார். கண்ணெதிரே எத்தனையோ பேர் அப்படி முடிவெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். குறை சொல்ல முடியாது, கணக்கு அப்படித்தான் வரும். ஒப்பந்தம் அமலில் இருக்கும், சலுகையைப் பயன்படுத்துவோர் குறைவாக இருப்பார்கள். ஆசியான் நாடுகள் ஃபார்ம் டி-யை ஒரு நாட்டு சுங்கக் கணினியிலிருந்து இன்னொரு நாட்டுக் கணினிக்கு நேரடியாக மின்னணு வடிவில் அனுப்ப ஆரம்பித்ததை நான் பெரிய விஷயமாக நினைப்பது இதனால்தான். செய்தித்தாளில் அது ஓரத்தில்கூட வராது. 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள, ஆசியானும் சீனா, ஜப்பான் உள்ளிட்ட ஐந்து நாடுகளும் சேர்ந்த ஆர்செப் ஒப்பந்தத்திலும் எனக்கு முக்கியமாகத் தெரிவது வரிக்குறைப்பு இல்லை. பதினைந்து நாடுகளில் எந்த நாட்டின் மூலப்பொருளைப் போட்டாலும் 40 சதவீதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற விதிதான். அதற்கு முன்னால் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனிக் கணக்கு, தனிச் சான்றிதழ். பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி இந்தச் சிக்கலைத்தான் ஸ்பகெட்டி (நூடுல்ஸ் போன்ற இத்தாலிய உணவு) கிண்ணம் மாதிரி என்று 1990-களிலேயே கிண்டலடித்தார்.

இப்போது எல்லைக்கு வருவோம். ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே ஜாம்பெசி ஆற்றின் கரையில் சிருண்டு என்று ஒரு ஊர். தென்னாப்பிரிக்கத் துறைமுகத்திலிருந்து ஜாம்பியா, காங்கோ பக்கம் போகும் லாரிகளுக்கு அது முக்கியமான வழி. முன்பெல்லாம் பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு நாட்டுச் சுங்கம், குடியேற்றம், விவசாயச் சோதனை. பாலம் தாண்டினால் அதே மூன்றும் மறுபடி. லாரிகள் நாட்கணக்கில் நிற்கும். 2009 டிசம்பரில் அங்கே ஒரே இடத்தில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் உட்காரும் சாவடி திறந்தார்கள். ஆப்பிரிக்காவில் அந்த வகையில் அதுதான் முதல். வெளியேறும்போது நிற்க வேண்டாம், நுழையும் பக்கத்தில் மட்டும் நின்று இரண்டு வேலையும் முடித்துக்கொள்ளலாம். கட்டடம் கட்டுவது இதில் சின்ன வேலை. ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டு மண்ணில் உட்கார்ந்து தன் நாட்டுச் சட்டத்தை அமல்படுத்தலாம் என்று இரண்டு நாடாளுமன்றங்களும் சட்டம் போட்டாக வேண்டுமே, அதுதான் பெரிய வேலை. அங்கே இன்றும் வரிசை நிற்பதுண்டு. ஆனால் முந்தைய நிலைமையை அறிந்த ஓட்டுநர்கள் யாரும் திரும்பப் பழைய முறையைக் கேட்கமாட்டார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் ஒரு படி மேலே போனது. 2014 வாக்கில் ஒற்றைச் சுங்கப் பரப்பு என்ற முறையைக் கொண்டுவந்தது. உகாண்டாவுக்குப் போகும் கன்டெய்னர் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்குகிறது. பழைய முறையில் அதற்கு டிரான்சிட் பாண்ட் (சரக்கு வழியில் விற்கப்படாது என்பதற்கான பண உத்தரவாதம்) போட்டு, கென்யா வழியாக ஓட்டி, மலபா எல்லையில் வரிசையில் நின்று, உகாண்டாவில் புதிதாக டிக்ளரேஷன் போட வேண்டும். புதிய முறையில் உகாண்டா வருவாய்த்துறை அதிகாரிகளே மொம்பாசாவில் இருக்கிறார்கள். வரியை உகாண்டாவில் கட்டிய பிறகே சரக்கு துறைமுகத்தை விட்டுக் கிளம்பும். அதன் பிறகு வழியில் திறந்து பார்க்க வேண்டியதில்லை. கன்டெய்னரில் மின்னணு சீல் மாட்டி, வண்டி பாதை மாறினால் உடனே தெரியும்படி வழியிலுள்ள நாடுகள் சேர்ந்து கண்காணிக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்த மொம்பாசா–கம்பாலா பயணம் சில நாள்களுக்குள் வந்துவிட்டது. கூடவே சின்னச் சின்ன வேலைகளும் நடந்தன. ஒரு நாட்டில் எடுத்த வாகனக் காப்பீடு பல நாடுகளில் செல்லும்படி, கொமேசா என்ற இன்னொரு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் 'மஞ்சள் அட்டை' ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. லாரியின் மொத்த எடை 56 டன்னுக்கு மேல் போகக்கூடாது என்று எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே விதி. எடை விதி வேறுவேறாக இருந்தால் எல்லையில் பாதிச் சரக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டிவரும். புதிதாகப் போட்ட சாலை இருந்தும் பயனில்லாமல் போவது இப்படித்தான்.

இதற்கு நேர்மாறாக தெற்காசியாவைப் பாருங்கள். இந்தியா–வங்கதேசத் தரைவழி வர்த்தகத்தில் பெரும்பகுதி பெட்ராபோல்–பெனாபோல் என்ற ஒரே எல்லை வழியாகப் போகிறது. இந்திய லாரி எல்லை தாண்டி பெனாபோல் யார்டுவரை போகும்; அங்கே சரக்கை இறக்கி, வங்கதேச லாரியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். உலக வங்கியின் 2021 அறிக்கை ஒன்று இந்த எல்லையைக் கடக்கப் பல நாள் பிடிப்பதாகவும், இதே அளவு சரக்கைக் கையாளும் கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் முடிவதாகவும் சொல்லியது. ஒரு இந்திய நிறுவனத்துக்குப் பக்கத்து வங்கதேசத்தோடு வியாபாரம் செய்வதைவிட பிரேசிலோடோ ஜெர்மனியோடோ செய்வது 15 முதல் 20 சதவீதம் மலிவு என்பதும் அதே அறிக்கையின் கணக்கு. அகர்தலாவிலிருந்து கொல்கத்தா துறைமுகத்துக்குச் சரக்கு சிலிகுரி வழியாகச் சுமார் 1,600 கி.மீ. சுற்றிப் போகிறது, எல்லை திறந்திருந்தால் சிட்டகாங் துறைமுகம் 200 கி.மீ. தான்.

இதற்கு மருந்தாகத்தான் வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் 2015 ஜூனில் திம்புவில் மோட்டார் வாகன உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பூட்டான் மேலவை 2016-இல் அதை நிராகரித்தது. சின்ன நாடு, மலைச்சாலை, வெளிநாட்டு லாரிகள் மொய்த்துவிடுமோ என்ற பயம். நியாயமில்லாத பயம் என்று சொல்லமாட்டேன். மற்ற மூன்று நாடுகளுக்குள்ளும் அது இன்னும் அன்றாடப் போக்குவரத்தாக மாறவில்லை. தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வர்த்தகம் அவற்றின் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம் என்பது எல்லோரும் மேற்கோள் காட்டும் எண். 2006 முதல் சாஃப்டா என்ற சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் அமலில் இருந்தும் இந்த நிலை. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உச்சி மாநாடு 2014-க்குப் பிறகு கூடவே இல்லை.

இரண்டு பிராந்தியங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான். வளரும் நாடுகளுக்குள் வர்த்தகத்தை மாற்றுவது வரிப்பட்டியலும் இல்லை, சாலையும் இல்லை. பக்கத்து நாட்டு முத்திரையை நம் அதிகாரி ஏற்றுக்கொள்கிறாரா என்பதுதான். அந்த நாட்டு ஆய்வகச் சான்றிதழ், அந்த நாட்டு சீல், அந்த நாட்டு ஓட்டுநர் உரிமம், அந்த நாட்டு எடைமேடை காட்டும் எண் இவற்றை மறுபடி சோதிக்காமல் விடத் தயாராக இருக்கிறோமா? அப்படி விடுவது ஒரு அரசு தன் அதிகாரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதாகும். கிழக்கு ஆப்பிரிக்கா செய்தது அதைத்தான். ஆப்பிரிக்கக் கண்ட ஒப்பந்தத்தால் 2035-க்குள் 45,000 கோடி டாலர் வருமானம் கூடும் என்று உலக வங்கி 2020-இல் மதிப்பிட்டது. அதில் 29,200 கோடி டாலர், அதாவது பாதிக்கு மேல், வரிக்குறைப்பால் வருவதில்லை. எல்லை நடைமுறைகளைச் சீர்படுத்துவதால் வரும் என்று அதுவே பிரித்துக் காட்டியது.

இப்படிப்பட்ட பொருளாதார மாதிரிக் கணக்குகளைத் தள்ளி நின்று பார்ப்பேன் என்று சொன்னதற்கு இதுவே உதாரணம். அந்த எண் பொய் இல்லை, ஆனால் அதற்குள் 'முழுமையாக அமல்படுத்தினால்' என்ற நிபந்தனை இருக்கிறது. நைஜீரியா 2019 ஜூலையில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அடுத்த மாதமே கள்ளக்கடத்தலைத் தடுக்க என்று சொல்லித் தன் தரை எல்லைகளைச் சரக்குக்கு மூடியது; 2020 டிசம்பரில்தான் திறந்தது. கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்துக்குள்ளேயே ருவாண்டா 2019 பிப்ரவரியில் உகாண்டாவுடனான கட்டுனா எல்லையை அரசியல் தகராறில் மூடி, மூன்று வருடம் கழித்து 2022-இல்தான் திறந்தது. கென்யா 2021 மார்ச்சில் பூஞ்சை நச்சு இருப்பதாகச் சொல்லி உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தை நிறுத்தியது, சில நாளில் நிபந்தனைகளோடு தளர்த்தியது. இந்தியா 2025 ஏப்ரலில் வங்கதேச ஏற்றுமதிச் சரக்கு இந்திய விமான நிலையங்கள் வழியாக மூன்றாம் நாட்டுக்குப் போகும் வசதியை ரத்து செய்தது. மே மாதம் வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியாக வருவதற்குத் தடை போட்டது. எல்லா இடத்திலும் ஒரே பாடம்தான்: பத்து வருடம் கட்டிய ஏற்பாட்டை ஒரு சுற்றறிக்கை ஒரே இரவில் நிறுத்தலாம். இந்த ஆபத்தை எந்த மாதிரிக் கணக்கில் எப்படி நுழைப்பார்கள் என்று எனக்குப் பிடிபட்டதில்லை. வணிகர்கள் மட்டும் அதை நன்றாகக் கணக்கில் வைத்திருப்பார்கள். அதனால்தான் தூரமான கடல்வழியையே பலர் விரும்புகிறார்கள்.

ரயில், சாலை, பாலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இவை முக்கியமில்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஜாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் நடுவே கசுங்குலாவில் 2021 மே மாதம் ஒரு பாலம் திறந்தார்கள். சாலையும் ரயில் பாதைக்கு இடமும் கொண்டது. அதுவரை லாரிகள் மிதவைப் படகில் ஒவ்வொன்றாகத்தான் ஆற்றைத் தாண்டின. படத்தைப் பார்த்தால் பாலம் வளைந்து போகும். நேராகக் கட்டியிருந்தால் ஜிம்பாப்வே எல்லைக்குள் போயிருக்கும் என்பதால் அந்த வளைவு. இந்தத் துறையின் மொத்த அரசியலும் அந்த ஒரு வளைவில் இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும். பாலத்தோடு இரு நாட்டுக்கும் பொதுவான ஒற்றைச் சாவடியையும் சேர்த்துத் திறந்ததால்தான் அது பலன் கொடுத்தது.

ரயிலில் சிக்கல் இன்னும் ஆழம். சீனாவில் தண்டவாள அகலம் 1,435 மி.மீ., பழைய சோவியத் நாடுகளில் 1,520, தென்கிழக்கு ஆசியாவில் பெரும்பாலும் 1,000, இந்தியாவில் 1,676. கஜகஸ்தான் எல்லையில் கோர்காஸ் என்ற இடத்தில் பாலைவனத்தின் நடுவே ராட்சதக் கிரேன்கள் கன்டெய்னரை ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கி வைப்பது இதனால்தான். குன்மிங்–வியன்டியான் ரயில் பாதை, 1,035 கி.மீ., 2021 டிசம்பரில் திறந்தது. கடலே இல்லாத லாவோஸுக்கு அது பெரிய மாற்றம். தாய்லாந்துப் பழங்கள் சீனாவுக்கு வேகமாகப் போகின்றன. ஆனால் லாவோஸ் முடிந்து தாய்லாந்து தொடங்கும் இடத்தில் தண்டவாள அகலம் மாறுவதால் கன்டெய்னரை இறக்கி ஏற்றித்தான் ஆக வேண்டும். அதோடு லாவோஸின் கடன் சுமையும் கூடியிருக்கிறது. இந்த ரயில் அந்தக் கடனை அடைக்கும் அளவுக்குச் சம்பாதிக்குமா என்பதில் நிபுணர்களிடையே ஒத்த கருத்து இல்லை. சரக்கு நகர்கிறது என்பது உறுதி. நாட்டுக்கு லாபமா என்பது இன்னும் தீராத கேள்வி. அதேபோல் இந்தியாவை ஈரான் வழியாக ரஷ்யாவுடன் இணைக்கும் வடக்கு–தெற்கு வழித்தடத்துக்கு 2000-லேயே கையெழுத்து ஆகிவிட்டது. ஈரானில் ரஷ்த் முதல் அஸ்தாரா வரை சுமார் 160 கி.மீ. ரயில் பாதை இல்லாததால் இன்றும் அந்த இடத்தில் சரக்கு லாரிக்கு மாறுகிறது. அதைக் கட்ட ரஷ்யாவும் ஈரானும் 2023-இல்தான் ஒப்பந்தம் போட்டன. வழித்தடம் என்றால் அதன் பலவீனமான துண்டு எவ்வளவோ அவ்வளவுதான் மொத்தமும்.

வேடிக்கை என்னவென்றால், லாரி போக முடியாத இடத்தில் மின்சாரம் போய்விடுகிறது. நேபாளத்தின் நீர்மின்சாரம் இந்திய மின்கட்டமைப்பு வழியாக 2024 நவம்பரில் வங்கதேசத்துக்குப் போனது. 40 மெகாவாட், சின்ன அளவுதான். லாவோஸ் மின்சாரம் தாய்லாந்து, மலேசியா கம்பிகள் வழியாக சிங்கப்பூருக்கு 2022 முதல் போனது. அதுவும் 100 மெகாவாட் வரைதான். மின்சாரத்துக்குச் சுங்கச் சாவடியில் மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, இரு பக்கமும் மீட்டர் இருந்தால் போதும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அடுத்த பத்து வருடத்தில் வளரும் நாடுகளுக்கிடையே பெரிய இணைப்பு இந்தத் துறையில் வந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

யாருக்கு லாபம் என்பது கசப்பான கேள்வி. ஜேக்கப் வைனர் என்ற பொருளாதார அறிஞர் 1950-இலேயே எச்சரித்தார்: கூட்டாளி நாட்டுக்கு மட்டும் வரியை நீக்கினால், வெளியே மலிவாகக் கிடைக்கும் பொருளை விட்டுவிட்டு உள்ளே விலை கூடுதலான பொருளை வாங்க நேரிடும், அது புது வர்த்தகம் இல்லை, திசை திரும்பிய வர்த்தகம். வெளிநாட்டுப் பொருளுக்கு உயர்ந்த வரிச்சுவர் வைத்திருக்கும் மெர்கோசூர் பற்றி இந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. 1991 முதல் இயங்கும் அந்த அமைப்பில் கார்களும் சர்க்கரையும் பொதுவான சுதந்திர வர்த்தகத்துக்குள் வரவில்லை. பிரேசிலும் அர்ஜென்டினாவும் கார் வர்த்தகத்தைத் தனி ஒப்பந்தம் போட்டு அளந்து நடத்துகின்றன. அப்புறம், துறைமுகமும் தொழிற்சாலையும் இருக்கும் உறுப்பினர் பக்கமே முதலீடு குவியும். முதல் கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் 1977-இல் உடைந்ததற்கு அரசியல் பகையோடு, கென்யாவுக்கே எல்லா லாபமும் போகிறது என்ற மனக்குறையும் ஒரு காரணம். சின்ன நாடுகள் தயங்குவதை அறியாமை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

டாலர் விஷயம். இதில் சத்தம் அதிகம், சரக்கு குறைவு. பிரிக்ஸ் நாணயம் என்று ஒன்று இல்லை. உள்ளூர் நாணயத்தில் பணம் கட்டும் ஏற்பாடுகள் உண்மையில் உண்டு: பிரேசிலும் அர்ஜென்டினாவும் 2008 முதல் ஒன்று வைத்திருக்கின்றன, மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றும் தங்கள் நாணயங்களில் கணக்குத் தீர்க்கின்றன, சுற்றுலா போனவர் தன் நாட்டு செயலியிலேயே கியூ.ஆர். ஸ்கேன் செய்து பணம் கட்டலாம். ஆப்பிரிக்காவில் 2022-இல் பாப்ஸ் என்ற, நாடுகளுக்கிடையே உள்ளூர் நாணயத்தில் பணம் செலுத்தும் அமைப்பு வந்தது. ஆனால் வர்த்தகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் இந்த முறை முட்டிக்கொண்டு நிற்கும். இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் ரூபாயில் வெளிநாட்டு வர்த்தகம் செய்ய வழி திறந்தது. ரஷ்யா எண்ணெய் விற்றுக்கொண்டே இருந்தது, இந்தியாவிடம் வாங்குவதற்கு அந்த அளவு இல்லை. இந்திய வங்கிகளில் கோடிக்கணக்கில் ரூபாய் தேங்கிக் கிடக்கிறது, அதைப் பயன்படுத்த வழி தெரியவில்லை என்று ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் 2023 மே மாதம் கோவாவில் வெளிப்படையாகவே சொன்னார். விற்பவர் கையில் வரும் நாணயத்தை வைத்து அவர் எதையாவது வாங்க முடிய வேண்டும். அது இல்லாதவரை டாலரே நடுவில் நிற்கும்.

கடைசியாக நீங்கள் கேட்ட சின்ன வியாபாரி. பெரிய ஒப்பந்தங்களின் சலுகையை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஏஜென்ட் வைத்துக்கொள்ள வசதியுள்ள நிறுவனங்கள்தான். இதைப் புரிந்துகொண்டு கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் ஒரு காரியம் செய்தது. 2,000 டாலருக்குள் மதிப்புள்ள சரக்கு, பொதுப்பட்டியலில் உள்ள உறுப்பு நாட்டுப் பொருள் என்றால், எல்லைச் சாவடியிலேயே எளிய சான்றிதழ் ஒன்றை நிரப்பிக் கொடுத்து வரியில்லாமல் தாண்டலாம். தலைநகரத்துக்கு அலைய வேண்டாம், ஏஜென்ட்டும் வேண்டாம். தக்காளி, பீன்ஸ், முட்டை, பழைய துணி என்று தலையிலும் சைக்கிளிலும் கொண்டுபோகும் இந்த வியாபாரிகளில் பெரும்பாலோர் பெண்கள். இதில் பழைய துணி வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதால் அந்தச் சலுகைக்குள் வராது, மற்றவை வரும். அப்படி ஒரு சான்றிதழ் இருப்பதே தெரியாமல், சாவடியைத் தவிர்த்துப் பக்கத்துப் புதர் வழியாகப் போய்ப் பிடிபட்டுச் சரக்கை இழப்பவர்கள் இன்னும் உண்டு. அந்தப் பொதுப்பட்டியலை உள்ளூர் மொழியில் சாவடிச் சுவரில் ஒட்டியிருக்கும் எல்லைகளில் இந்தத் திட்டம் ஓரளவு வேலை செய்கிறது. ஒட்டாத இடங்களில் பேருக்குத்தான் இருக்கிறது.